மேற்கே மூன்று குடம் குறைவு

கடவுளாக இருப்பதில் இத்தனை தலைவலி இருக்கும் என்று பதிலக்காவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவள் கடவுள்கூட இல்லை. கடவுளாக விளையாடிப் பார்த்துவிட்டுக் கடுப்போடு வருகிறவர்களுக்குப் பதில் எழுதுகிறவள், அவ்வளவுதான். ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன வீடியோ கேம் கம்பெனி. கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அங்கே எல்லாருக்கும் அவள் அக்கா. பதில் எழுதுவதே வேலையானதால் பதிலக்கா. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்டவள். எதிரே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாமல் 'மன்னிச்சுக்கங்க' என்று சொல்லும் கலை கைவசம் இருந்ததால்தான், நாற்பது தாண்டிய பிறகும் முதலாளி அவளைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

கேமின் பெயர் 'மேகத்துக்கு மேலே'. ஒரு தீவு, அதில் விரல் உயரத்தில் குட்டி மனிதர்கள். விளையாடுகிறவர்தான் கடவுள். வெயில் கொடுக்கலாம், மழை கொடுக்கலாம், எரிச்சல் வந்தால் இடியும் இறக்கலாம். மனம் குளிர்ந்தால் குட்டி மனிதர்கள் அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்துவார்கள். மனம் கோணினால் கடவுளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தீவின் மேற்குப் பாதியில் மட்டும் என்ன கொடுத்தாலும் முதுகுதான். சண்டை பூராவும் அந்த முதுகைப் பற்றித்தான்.

கேம் வெளியாகி மூன்று வாரத்தில் உலகமே இரண்டாகப் பிரிந்து நின்றது. 'இருபது மணி நேரம் மாடாய் உழைத்து மழை கொடுத்தேன், ஒருத்தன் நிமிர்ந்து பார்க்கவில்லை, இது கேமா இல்லை என் ஆபீஸா' என்று ஒருவர் எழுதுவார். அதற்கு நேர் கீழே இன்னொருவர், அந்த முதுகைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுததாகவும், நன்றியை எதிர்பார்க்காமல் கொடுப்பது எப்படி என்று இந்த கேம்தான் தனக்குச் சொல்லிக்கொடுத்தது என்றும் உருகுவார். முந்நூறு மணி நேரம் விளையாடிய ஒரு மனிதர் 'குப்பை' என்று எழுதிவிட்டு மறுநாளும் போய் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பெண்மணி, கேமில் கடல் நீலமாக இருக்கிறது, அது போதும் என்று பாராட்டியிருந்தார். இவர்களுக்கெல்லாம் பதில் எழுதி எழுதிப் பதிலக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாருக்கும் அவள் எழுதிய பதில் ஒன்றுதான். 'மேற்கு மக்களின் இயல்பு அப்படி. அது திட்டமிட்டு வைத்தது.' இதை அவளுக்குச் சொன்னவன், கேமை வடிவமைத்த பையன். ஆபீசில் அவனுக்குச் சிற்பி என்று பெயர். மனித மனதின் ஆழம் அது இது என்று அவன் ஒரு பேட்டியே கொடுத்திருந்தான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அவள் அந்த கேமை முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடியதே இல்லை. விளையாட எங்கே நேரம்? விளையாடியவர்களுக்குப் பதில் சொல்லவே பொழுது சரியாக இருந்தது.

கேமை விற்கிற இணையக் கடையில், வாங்கியவர்கள் கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டலாம். நூற்றுக்கு எழுபது விரல் மேலே இருந்தால் பெயருக்குக் கீழே பச்சை எழுத்து வரும். அதற்குக் குறைந்தால் மஞ்சள். அடுத்த கேமை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன பெரிய கம்பெனி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பச்சை இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் வணக்கம் என்று கறாராகச் சொல்லிவிட்டது. கையெழுத்து இல்லையென்றால் ஆபீசுக்குப் பூட்டு. ஒன்பது பேருக்கும் வேலை போகும். மற்ற எட்டுப் பேரும் சின்னப் பிள்ளைகள், எங்கேயாவது ஒட்டிக்கொள்வார்கள். இந்த வயதில் பதிலக்காவை யார் கூப்பிடுவார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தார்கள். பச்சைக்கு ஒரே ஒரு விரல் குறைந்தது. முதலாளி ஏற்கெனவே தன் மச்சான்மார் பதினொரு பேரை விட்டு ஒரே நாளில் 'அருமை' என்று எழுத வைத்திருந்தார். இணையக் கடைக்காரர்கள் பதினொன்றையும் அழித்து, ஒரு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியிருந்தார்கள். அதனால் புதிதாக ஆள் பிடிக்க வழியில்லை. ஏற்கெனவே கீழே காட்டிய யாராவது மனம் மாறினால்தான் உண்டு.

பதிலக்காவுக்கு அப்படி ஒருவரைத் தெரியும். தெரியாமல் என்ன, பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார். அவள் கணவர்.

அவர் எடை அளவு ஆய்வாளர். இரும்புப் பெட்டியில் படிக்கற்களைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய், தராசு சரியாக நிற்கிறதா, பெட்ரோல் பம்பில் அளவு சரியாக விழுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது வேலை. வியாபாரிகள் அவர் முதுகுக்குப் பின்னால் 'படிக்கல்' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வீட்டில் பால் பாக்கெட் வந்தாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றவிடுவார். குடும்பத்தில் ஒருவராவது விளையாடிப் பார்க்கட்டும் என்று அவள்தான் அவருக்கு கேமை வாங்கிக் கொடுத்தாள். யானையை அழைத்து வந்து நடுவீட்டில் கட்டிய கதையாகிவிட்டது. மகள் ஒரே மத்தியானத்தில் தீவு மொத்தத்தையும் வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். படிக்கல்லோ நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். மூன்றாவது நாள் கட்டைவிரலைக் கீழே காட்டினார். 'அளவில் நேர்மை இல்லை' என்று மூன்றே வார்த்தை எழுதினார். அதற்கும் 'மேற்கு மக்களின் இயல்பு' என்று பதில் எழுதினாள், கட்டிய கணவருக்கே!

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சட்டையை மாற்றுவதற்குள் விஷயத்தை எடுத்தாள். அந்த விரலைக் கொஞ்சம் மேலே திருப்பக் கூடாதா, ஆபீசில் சந்தோஷப்படுவார்கள் என்று நைசாகக் கேட்டாள். அவர் ஏதோ லஞ்சம் நீட்டிய கடைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். கிழக்கே நாற்பது தடவை, மேற்கே நாற்பது தடவை மழை கொடுத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கடவுள் கொடுப்பது பத்துக் குடம் என்று திரையில் காட்டும். வீட்டு வாசல் தொட்டிகளில் எவ்வளவு ஏறியது என்று கோடு கோடாக எண்ணி எழுதியிருந்தார். கிழக்கே பத்து. மேற்கே ஏழு. நாற்பது தடவையும் ஏழு.

"பத்துன்னு சொல்லிட்டு ஏழு ஊத்தினா எவன் கையெடுப்பான்? அவங்க நன்றி கெட்டவங்க இல்ல. உங்க கடவுள்தான் அளவுல கைவைக்கறார்" என்றார்.

அது வெறும் விளையாட்டு என்றாள். விளையாட்டுக்கும் அளவு உண்டு என்றார். ஒரே ஒரு விரல்தானே என்றாள். சரியில்லாத தராசுக்கு முத்திரை குத்தச் சொல்கிறாயா என்று கேட்டார். அவளுக்கு மண்டை காய்ந்தது. என் வேலையே இதில்தான் தொங்குகிறது என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சொன்ன பிறகும் அவர் மாட்டேன் என்றால்? அதைக் காதால் கேட்டுவிட்டு அப்புறம் இந்த மனிதரோடு எப்படிக் குப்பை கொட்டுவது? 'உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு தராசைக் கட்டியிருக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில், அவர் சொன்னது தப்பு என்று நிரூபித்து வாயை அடைக்கத்தான் ஆபீசில் கேமைத் திறந்தாள். மேற்கே மழை கொடுத்தாள். தொட்டியில் கோடு ஏழு. மறுபடி கொடுத்தாள், ஏழு. பன்னிரண்டு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டுச் சிற்பியைக் கூப்பிட்டாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு குனிந்து எதையோ தேடினான். பிறகு அவன் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்னால், அழகாக இருக்கட்டும் என்று மேற்குக் கரையைக் கொஞ்சம் உள்ளே வெட்டியிருக்கிறான். மேகத்துக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டான். மேகம் பாவம், பழைய கரைவரைக்கும் கணக்காகப் பெய்துகொண்டிருந்தது. மூன்று குடம் கடலில் விழுந்தது. சொன்னதைவிடக் குறைந்தால் மக்கள் முறைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அவன் எழுதிய விதி. அந்த முறைப்பு ஏன் தீரவே இல்லை என்று அவனுக்கே புரியவில்லை. எல்லாரும் ஆழம் ஆழம் என்று புகழ்ந்ததும், சரி, ஆழம்தான்போல என்று அவனும் நம்பிவிட்டான். மூன்று குடம் தண்ணீர்தான் அந்த ஆழம்!

முதலாளிக்கு இதில் வெட்கம் எதுவும் தெரியவில்லை. ஒரு விரல்தான் தெரிந்தது. உடனே சரிசெய்யுங்கள், இதைக் கண்டுபிடித்த உங்கள் கணவரை விரலைத் திருப்பச் சொல்லுங்கள் என்று குதித்தார். சிற்பி பத்து நிமிடத்தில் சரிசெய்தான். பதிலக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் அரைநாள் விடுப்புப் போட்டு வீட்டுக்குப் போய், ஒரு தடவை பார்த்தால் போதாதா என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சியும் கேட்காமல், நாற்பது தடவை மழை பெய்ய வைத்தார். நாலேகாலுக்குக் கட்டைவிரல் மேலே திரும்பியது. எழுத்து பச்சையானது. பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார்கள். முதலாளி அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

ஒரு சின்ன வேலைதான் பாக்கி. கேமில் எதை மாற்றினாலும் என்ன மாற்றினோம் என்று அன்றைக்கே ஓர் அறிவிப்புப் போட வேண்டும். அது கடையின் விதி. எழுத வேண்டியது பதிலக்கா. 'சிறு திருத்தங்கள்' என்று இரண்டு வார்த்தை போடுங்கள், போதும் என்றார் முதலாளி. அப்படித்தான் தட்டினாள். அனுப்புவதற்கு முன்னால் தன் பழைய பதில்களைத் திறந்து பார்த்தாள். ஐந்நூற்றுச் சொச்சம் பேர். என் தீவில் நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டவர்கள். அத்தனை பேருக்கும், உன் மக்களின் இயல்பே அப்படி என்று எழுதியிருந்தாள். தெரியாமல் எழுதினாள், சரி. இப்போது தெரியுமே. தன் மேலும் எரிச்சல், வீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் மேலும் எரிச்சல். அவர் வியாதி தனக்கும் தொற்றிக்கொண்டது என்று தெரிந்தது. இரண்டு வார்த்தையையும் அழித்தாள். 'மேற்கே மழை பத்துக்கு ஏழுதான் பெய்தது. தவறு எங்களுடையது. குறை உங்கள் மக்களிடம் இல்லை, உங்களிடமும் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டாள். மணி நாலு ஐம்பது.

திட்டியவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் என்றைக்கோ வேறு கேமுக்குப் போய்விட்டார்கள். விழித்துக்கொண்டவர்கள் மற்றவர்கள், முதுகைப் பார்த்து அழுதவர்கள். அப்படியென்றால் நாங்கள் அழுதது ஒரு பிழையைப் பார்த்தா என்று கொதித்தார்கள். எங்கள் மேற்கு மக்களைக் கொன்றுவிட்டீர்கள், இப்போது எல்லாரும் பல்லை இளித்துக்கொண்டு கையைத் தூக்குகிறார்கள் என்றார்கள். கட்டைவிரல்கள் சரசரவென்று கீழே திரும்பின. ஐந்தரைக்கு எழுத்து மஞ்சளானது. ஆறு மணிக்கு நூற்றுக்கு அறுபத்தாறு. கடல் நீலமாக இருக்கிறது என்ற பெண்மணி மட்டும் அசையவில்லை.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ரெண்டு வார்த்தைம்மா. ரெண்டே ரெண்டு வார்த்தை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சிற்பி தன் மேஜையைக் காலிசெய்ய ஆரம்பித்தான். பதிலக்காவால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனால் படிக்கல் வாசலிலேயே நிற்கிறார், போனைக் கையில் வைத்துக்கொண்டு. நாற்பதுக்கு நாற்பதும் பத்துக் குடம் என்று காட்டக் காத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். வேலை போனதைச் சொன்னாள். நேற்றே எல்லாம் அந்த ஒரு விரலில்தான் இருந்தது என்பதையும் சொன்னாள். அவர் போனை மேஜையில் வைத்தார்.

"சிறு திருத்தம்னு போட்டிருக்கலாமே" என்றார்.

அவளுக்கு வந்ததே ஆத்திரம்! மூன்று வாரமாக ஒரு விரலைத் திருப்பாத மனிதர், நாற்பது தடவை அளக்காமல் நம்பாத மனிதர், இவர் வாயிலிருந்தா இந்தப் பேச்சு? யாருக்குப் புத்தி சொல்கிறீர்கள் என்று படபடவென்று பொரிந்து தள்ளினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

"உன் வேலைன்னு நீ நேத்து சொல்லலையே" என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா?"

"மாத்தியிருப்பேன்."

"பொய் சொல்லாதீங்க."

"பத்து நாளைக்குச் சோறு இறங்கியிருக்காது. ஆனா மாத்தியிருப்பேன். உன் வேலைன்னு நீ கேட்டு நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பது அவளுக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் இந்த ஒன்று மட்டும் தெரியாமல் போய்விட்டது. அவர் மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று அவளாகவே முடிவுகட்டி, வேலை விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டாள். ஆபீசில் வராத அழுகை இப்போது வந்தது, வேலைக்காக அல்ல. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் குனிந்து அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.