சட்டிக்குச் சட்டாம்பிள்ளை

வீட்டில் இருந்த காலம்வரை இசோகிச்சி அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கொதிக்கும் மண்சட்டி மேசைக்கு வந்துவிட்டால் அவர்தான் சட்டாம்பிள்ளை. அதில் முதலில் போடுவது வெங்காயத்தாளா மீனா, மூடியை எப்போது திறப்பது, எல்லாம் அவர் சொன்னபடிதான். "சாப்பிடு" என்று அவர் சொல்லும்வரை மனைவி தொமியேவும் மகள் நாத்சுயோவும் சாப்பிடும் குச்சியைத் தொடக் கூடாது. வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் உண்டு. இவர் கொஞ்சம் அதிகம்.

ஏழு வருஷத்துக்கு முன் பனிக்காலத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஜப்பானின் வடகோடியில் அந்த ஃபுகாவுரா துறைமுகமே அழுதது, தொமியே அழவில்லை. "எலும்புகூட இல்லாம என்னத்தக் கருமாதி பண்றது?" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பனிக்கால ஞாயிறுதோறும் மதியம் மீன் சட்டி வைப்பாள், அவர் கிண்ணத்தையும் எடுத்து வைப்பாள், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பாள். வாசலில் அவருடைய ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்வாள். சாறு வற்றும், மீன் கரையும். பேயைவிடப் பொல்லாதது இந்தக் காத்திருப்பு.

அப்படி ஒரு ஞாயிறு நாத்சுயோ வந்திருந்தாள்.

"போதும்மா. இந்த மாசமாவது பிக்குவ வரச் சொல்லி காரியத்த முடிச்சிடலாம்."

"சும்மா இருடி. உங்கப்பா இன்னும் சொல்லல."

"யாரு சொல்லணும்? மீனு கஞ்சியாப் போச்சு!"

கோபத்தில் மூடியைத் திறந்து, குச்சியால் ஒரு துண்டைத் தூக்கினாள். சதை நழுவி விழுந்தது. வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. தொமியேவின் கை தானாக நீண்டது. தன் குச்சியால் அதன் மறுமுனையைப் பிடித்தாள்.

ஒரே பொருளை இருவர் குச்சியால் பிடிப்பது சுடுகாட்டில்தான், எரிந்தவரின் எலும்பைக் கலசத்தில் இடும்போது. மேசையில் அப்படிச் செய்தால் சின்னக் குழந்தைக்கும் அடி விழும்.

"ஐயோ, விடும்மா! அபசகுனம்!"

தொமியே விடவில்லை.

"நீயும் விட்டுடாதடி. கெட்டியாப் புடி."

இருவரும் அதை அவர் கிண்ணத்தில் மெல்ல வைத்தார்கள். ஏழு வருஷத்து அழுகை அப்போதுதான் வந்தது. அழுது ஓய்ந்ததும் தொமியே கிண்ணத்தை மூடினாள். சட்டியில் மிஞ்சியதை மகளுக்கு அள்ளிப் போட்டாள்.

"சாப்பிடு," என்றாள்.