மெழுகுக் காலும் என் வேண்டுதலும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

அறுபத்து நாலாம் வருஷத் தபசுகாலத்தில் நாற்பது நாளும் மனைவியைத் தொடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன். தபசு முடிந்து ஈஸ்டர் வந்தது. கறிக்குழம்பு சாப்பிட்டேன், புதுச் சட்டை போட்டேன். உடம்பு மட்டும் தபசிலேயே நின்றுவிட்டது. மனசுக்கு ஆசை இருந்தது, உடம்பு எழவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில். என் நேர்ச்சையை முடித்துவைக்க மேலே மறந்துவிட்டார்கள் என்று சத்தியமாக நம்பினேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தாராவி தோல் கிடங்கில் வேலை, லேபர் கேம்பில் குடித்தனம். கல்யாணமோ சாவோ, நாலு பேரைச் சிரிக்கவைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. பொழுது சாய்ந்தாலே பயம். வீட்டுக்குப் போகாமல் மூன்று டீக்கடை ஏறி இறங்கிப் பீடியாக ஊதித் தள்ளுவேன். ஸ்டேஷன் வாசலில் லேகியம் விற்றவனிடம் இரண்டு டப்பா வாங்கித் தின்றேன். வயிற்றைக் கலக்கியது. அந்த லேகியம் செய்த ஒரே வேலை அதுதான்.

என் மனைவி ரோசம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட்டில் ஒரு காலை டீ டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"எவ அவ?"

"எவ?"

"அதைத்தான் நான் கேக்கேன். ஊரையே சிரிக்க வைக்கீக. வீட்டுக்கு வந்தா சுவத்தைப் பாத்துப் படுக்கீக. மாதா திருநாள் வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் முலுண்டுல எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

ஆமாம், ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதிலாவது கொஞ்சம் மானம் மிஞ்சும்! ஆனால் அவள் போய்விட்டால்?

செப்டம்பரில் பாந்த்ராவில் மலைமேல் மாதா திருநாள். எந்த உறுப்பில் நோவோ அதை மெழுகில் வாங்கி மாதா முன் வைப்பது அங்கே வழக்கம். ஜெபமாலையோடு ஏறிப் போனேன். கடைக்காரி இந்தியில் கேட்டாள், "கையா, காலா, தலையா?" தட்டை ஓரம்வரை பார்த்தேன். நான் தேடியது இல்லை. இருந்திருந்தாலும் விரலை நீட்டியிருப்பேனா?

"சீக்கிரம் சொல்லு, எங்கே வலி?"

அந்த நேரம் பார்த்து என் தோளில் ஒரு கை விழுந்தது. பக்கத்து வீட்டு சூசை அண்ணாச்சி.

"என்னவே, உமக்கு என்ன கேடு?"

என் கை தானாகப் போய் ஒரு காலை எடுத்தது. "கால்ல நோவு, அண்ணாச்சி."

அந்தக் காலை மாதா முன் வைத்தேன். "தாயே, இது கால் இல்லைன்னு உனக்குத் தெரியும். என் ரோசம்மா என்னை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்" என்று அழுதேன். அதில் விளையாட்டு இல்லை.

திரும்பும்போது அண்ணாச்சிக்காக நொண்ட வேண்டியதாயிற்று. மறுநாள் கேம்பே என் காலை விசாரித்தது. நான் மறந்துபோய்க் கால் மாற்றி நொண்டினேன்.

"நேத்து வலது காலுல்லாவே?" என்றார் அண்ணாச்சி. "ரெண்டுக்கும் பரவிட்டுதா? கெளம்பும்!"

மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். செருப்பைக் கழற்றினால், இடது பாதத்தின் அடியில் எட்டணா அகலத்துக்குப் புண். எனக்கே தெரியாது. டாக்டர் ஊசியால் தொட்டார்.

"தெரியறதா?"

"எது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அண்ணாச்சியை வெளியே அனுப்பிவிட்டு என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார். செங்கல் நிறமானது. "சர்க்கரை வியாதி. ரொம்ப நாளா இருந்திருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சம்சாரத்தோட சேர்றதுல ஏதாவது கஷ்டம் இருக்கா?"

யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அத்தனை மாதமும் இருந்திருக்கிறேன். நேர்ச்சை, பீடி, லேகியம், மெழுகுக் கால், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நேர்ச்சை என்ன பண்ணும்? சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்துடும். பாதத்துல உணர்ச்சி போன மாதிரி இதுவும் போகும். பீடி இன்னும் கெடுக்கும். இன்னிக்கும் முடியாதோங்கற பயம் மிச்சத்தைத் தின்னுடும். இதுக்குன்னு மந்திர மாத்திரை எங்கிட்ட இல்லை. சர்க்கரையைக் குறைப்போம், பீடியை விடுங்கோ, லேகியத்தைச் சாக்கடையில போடுங்கோ. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பலாம், முழுசாத் திரும்பாமலும் போகலாம். முதல்ல வீட்டுல சொல்லுங்கோ."

அன்று சாயந்திரமே சொன்னேன். சமைத்துக்கொண்டிருந்த ரோசம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"அப்ப எவளும் இல்லியா?"

"எவளுக்கு நான் இப்ப லாயக்கு?"

சிரித்தாள். உடனே அழுதாள். "இதைச் சொல்ல இம்புட்டு மாசமா? நான் என்ன அன்னியமா?" என்று கரண்டியால் முதுகில் ஒன்று போட்டாள். அந்த அடிக்கு இன்றுவரை மாதாவுக்கு நன்றி சொல்கிறேன்.

மாதாவின் பிள்ளைகளே, உங்களில் யாராவது என்னைப்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். ஜெபியுங்கள், தாய் கைவிடமாட்டாள். ஆனால் அவள் அனுப்புகிற டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு மற்றதை மறைக்காதீர்கள். மனைவியிடமும் மறைக்காதீர்கள்.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. சர்க்கரை அடங்க அதற்கும் மேலே. அடுத்த வருஷம் மே மாதம் உடம்பு திரும்பியது. எல்லா நாளும் இல்லை. முடியாத நாளில் ரோசம்மா "சரி, விடுங்க" என்று சொல்லித் தூங்கிவிடுகிறாள். நானும் தூங்கிவிடுகிறேன்.