இரண்டு கரையிலும் பெயர்

மாநில எல்லையில் ஆற்றங்கரை ஊரான சோரியாங்குப்பத்தில் யாருக்கு நாள் தள்ளிப்போனது, யாருக்குச் சர்க்கரை ஏறியது என்பதெல்லாம் கட்டின புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் ரோஸ்லினுக்குத் தெரிந்துவிடும். பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய் நோய்நொடி விசாரித்து எழுதும் ஆஷா ஊழியர் அவள். கேட்டதெல்லாம் அவள் வயிற்றோடு சரி. வாய் திறந்தது ஒரே ஒரு முறை, அதுவும் ஊருக்கு நல்லது என்று நம்பித்தான்.

நாடு முழுக்க ஏழைகளுக்கு ஒரே மருத்துவ அட்டை வரப்போகிறது, கிராமத்து நடப்பு தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று டவுனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏசி அறை, முந்திரி பிஸ்கட். "பயப்படாம சொல்லுங்கம்மா, உங்களுக்காகத்தான் திட்டமே" என்றார் அதிகாரி. பதினான்கு வருடத்தில் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்ன முதல் அதிகாரி அவர்தான். ரோஸ்லினுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"ஆத்தத் தாண்டுனா தமிழ்நாடு சார். அங்கேருந்து கட்டிக்கினு வர்ற பொண்ணுங்க அம்மா வூட்டு ரேஷன் கார்டுலேருந்து பேர எடுக்க மாட்டாங்க. அவசரம்னா அந்தக் கரை ஆஸ்பத்திரிதான் கிட்ட. அந்த ஊரு அட்டை இருந்தாத்தான் அங்க பாப்பாங்க. புது அட்டை ரெண்டு கரையிலயும் செல்லும்னா, எதுக்கு சார் ரெண்டு எடத்துல பேரு?"

அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். கைதட்டினார்கள். அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

நான்கே மாதத்தில் உத்தரவு வந்தது. அக்கரையில் பெயரை நீக்கிவிட்டு வந்தால் புது அட்டை. ரோஸ்லின் முதலில் ஓடியது பக்கத்து வீட்டுக் காசம்மாளிடம். காசம்மாளுக்கு இதய வால்வு சுருங்கியிருந்தது. அவள் பிறந்த கரையில், பழைய அட்டையை வைத்து, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

"ஆபரேஷன் முடிஞ்சி எடுத்தா ஆவாதாடி?"

"மாசக் கடைசியோட பதிவு முடியுதுக்கா. அப்பறம் ஆயுசுக்கும் மாத்திரை சாப்புடணும். அதெல்லாம் புதுசுலதான் வரும்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று காசம்மாள் மறுநாளே ஆறு தாண்டிப் போய்ப் பெயரை நீக்கிவிட்டு வந்தாள்.

புது அட்டை வரவில்லை. ஒரு காகிதம் வந்தது: இரு மாநிலங்களிலும் பெயர் வைத்திருந்தவர், ஓராண்டுக்குத் தகுதியில்லை. பழைய அட்டையும் போயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் வால்வு மாற்ற ஏழு மாத வரிசை. ஆபரேஷன் இல்லாவிட்டால் மூன்று மாதம் தாண்டாது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ரோஸ்லின் அதிகாரியிடம் போய் நின்றாள். இந்த முறை நாற்காலி இல்லை. அவர் அச்சடித்த கையேடு ஒன்றை நகர்த்தினார். அதன் மேலட்டையில் சிரித்துக்கொண்டிருந்தது அவள் முகம்தான். உள்ளே 'முறைகேடுகள்' என்ற தலைப்பில், அம்மா வீட்டு ரேஷன் கார்டு முதல் அக்கரை ஆஸ்பத்திரி வரை, அவள் சொன்னது அப்படியே இருந்தது. புது அட்டை இரண்டு கரையிலும் செல்ல வேண்டும் என்று அவள் கேட்டது மட்டும் எங்கேயும் இல்லை.

"நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார்.

பாவி. பிஸ்கட் கொடுத்து வாயைப் பிடுங்கி, அதே வாயால் ஊரைக் காட்டிக்கொடுக்க வைத்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போகும். இவள் வாய்க்கு இன்னொருத்தி அல்லவா சாகக் கிடக்கிறாள்! பஸ்ஸில் கிருமாம்பாக்கம் தாண்டும்வரை ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே அழுதாள்.

இறங்கி நேரே காசம்மாள் வீட்டுக்குப் போனாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். காசம்மாள் திட்டவில்லை. சுவரில் சாய்ந்தபடி ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"ரொம்ப மூச்சு வாங்குதாக்கா? ராத்திரி படுக்க முடியுதா? காலு வீங்கியிருக்கா, காட்டு" என்று ரோஸ்லின் வழக்கம்போல நோட்டைப் பிரித்தாள்.

காசம்மாள் நோட்டைப் பார்த்துவிட்டுப் புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீறேன்" என்றாள், நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கி. "நீ வூட்டுக்குப் போ."