டீச்சரம்மாவின் குரல்

திருப்பரங்குன்றத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது, தடித்த கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா வருவார். சாதாரணப் பேச்சையும் பாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பழைய இலக்கண உரை ஒன்றை வாசித்து, ஒலிப்பதிவாக இணையத்தில் போட்டிருந்தார். ஏதோ ஒரு கம்பெனி அந்த உரை தங்களுக்குச் சொந்தம் என்று புகார் கொடுக்க, எல்லாப் பதிவுகளும் நீக்கப்பட்டன.

"எழுதுனவரு செத்தே நூறு வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. அவங்களுக்கு எப்படிச் சொந்தமாகும்?"

மூன்று முறை முறையீடு டைப் செய்து அனுப்பினேன். அந்தத் தளத்தின் விதிப்படி ஒவ்வொன்றும் புகார் கொடுத்த கம்பெனிக்கே போனது. மூன்று முறையும் மறுத்துவிட்டார்கள்.

கடைசிப் பதிலை நான் வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவன் அவரைப் போனில் கூப்பிட்டு, அடுத்த பாடம் எப்போது என்று கேட்டான்.

"தொண்டை கட்டிக்கிச்சுப்பா," என்றார்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?" என்று போனை வைத்ததும் கேட்டேன்.

"நான் திருடிட்டேன்னு அந்தக் கம்பெனிக்காரன் எழுதியிருக்கானே. அத எப்படி அந்தப் பிள்ளைகிட்டச் சொல்ல?"