நாலு விரற்கடை உயரம்

என் அக்காவின் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் சமையலறையில் மண்டியிட்டுக் கிடப்பார். ஞாயிறானால் தனியாக ஒரு மலைக்குப் போய்விடுவார். பேரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரருக்கே தெரியாத மலை. அருவி கிடையாது. முக்கால்வாசி நாள் மேகம் மூடியிருப்பதால் பார்க்கவும் எதுவும் கிடையாது.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?" என்பாள் அக்கா.

"ஒண்ணும் இல்ல."

"அதைப் பார்க்கவா வாராவாரம் போறீங்க?"

உச்சியில் ஒரு கற்குவியல் இருந்தது. ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டு, உச்சியைத் தொட்ட திருப்தியில் இறங்கிவிடுவார்கள். சேற்று நிலத்துக்கு அப்பால் இருந்த மேடுதான் நிஜமான உச்சி என்று அத்தானுக்குச் சந்தேகம். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். குவியல் இருந்த இடத்தைவிட மேடு நாலு விரற்கடை உயரம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் குவியலிலிருந்து ஒரு கல்லை மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். மறு ஞாயிறு போனால் மேடு மொட்டையாக இருக்கும்.

"எவனோ திருப்பி எடுத்துட்டுப் போறான்," என்பார் சாப்பிட்டபடி. கோபமெல்லாம் இல்லை.

போன மாதம், வேலைக்குப் போன ஒரு வீட்டிலேயே இறந்துபோனார். ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டிருந்தது.

அக்கா அதிகம் அழவில்லை. "என்னை விட்டுட்டுப் போன ஞாயித்துக்கிழமை எல்லாம் எங்க போச்சுன்னு பார்க்கணும்," என்றாள். நான் வேலை செய்யும் நூலகத்துக்குத் திங்கள்தான் விடுமுறை. அன்று அழைத்துப் போனேன். வழிநெடுக முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.

மேட்டில் ஒரு பெரியவர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டராம். திங்கள்தோறும் வருபவராம்.

"ஒரு ஆளு இங்க வாராவாரம் கல்லு வைப்பாரும்மா. நான் எடுத்துட்டுப் போய்க் குவியல்ல போடுவேன். மேகத்துல வழி தேடுறவங்களுக்கு அதுதானே அடையாளம்? மூணு வாரமா ஒரு கல்லையும் காணோம். அவருக்கு உடம்புக்கு என்னவோ."

"என் வீட்டுக்காரர்தான்," என்றாள் அக்கா. "போயிட்டார்."

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"இனிமே நானே ஒரு கல்லு கொண்டாந்து வைக்கிறேம்மா. எடுக்க மாட்டேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

அக்கா சேற்றைத் தாண்டிக் குவியலுக்குப் போய், இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கினாள்.

"சின்னதா எடு அக்கா," என்றேன்.

"உங்க அத்தான் சின்னதா எடுத்துத்தான் தோத்துக்கிட்டே இருந்தார்."

அதை மேட்டில் பதித்துவிட்டு மூச்சு வாங்கினாள். "நாலு விரல் உயரம் சார். அளந்திருக்கார். நான் ஞாயித்துக்கிழமை வருவேன். நீங்க திங்கக்கிழமை வந்து, முடிஞ்சா எடுத்துக்கோங்க."

டாக்டர் கல்லைச் சுற்றி வந்தார். குனிந்து விரலால் அசைத்துப் பார்த்தார்.

"வேர் ஆழமா இருக்கும்போல," என்றார்.