எச்சில் சோற்றில் எரிந்த அடுப்பு

கல்லூரி வளாகத்தில் கார்பனைக் குறைக்கிற வேலைக்கு முதல் தகுதி படிப்பு அல்ல, வாய். பேராசிரியரைக் கட்டிக்கொண்டு வெளிமாநிலத்து ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளும் என்னைப் போன்ற பாவப்பட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

பதவி வந்த விதம்

ஹாஸ்டலில் மிஞ்சும் சோறெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் குவிந்து அழுகும். நாற்றம் போதாதென்று, பூமியைச் சூடாக்கும் மீத்தேனும் கிளம்பும். பிரின்சிபாலிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்தச் சோற்றைப் போட்டு மெஸ் அடுப்புக்கு வாயு எடுக்க ஒரு குழி கட்டி, கவனிக்க ஆளில்லாமல் கிடக்கிறதாம். பிரின்சிபால் அதை என் தலையில் கட்டிவிட்டார். “செமஸ்டர் முடியறதுக்குள்ள அடுப்பு எரியணும் மேடம். இல்லேன்னா மூடி கார் பார்க்கிங் ஆக்கிடுவேன்.”

தட்டுச் சோதனை

குழிக்குச் சோறு ஆகும், பிளாஸ்டிக் ஸ்பூன் ஆகாது. கை கழுவும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். தயிர்சாதத்தோடு டிஷ்யூவையும் தள்ளப்போன தமிழ்ப் பெண்ணொருத்தியை “நில்லுடி” என்றேன். தமிழ் புரியும், ஆனால் பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்: “ஆண்டி, இஸ் திஸ் எ ஹாஸ்டல் ஆர் ஏர்போர்ட்?”

ஞாயிற்றுக்கிழமைத் துரோகி

அடுப்பு நீலமாக எரிந்தது. நான் பெருமை பேசி முடிப்பதற்குள் ஒரு திங்கட்கிழமை சுடர் சுருங்கி, மறுநாள் அணைந்தே போனது. மெக்கானிக் குழாயைத் தட்டினார். என் கணவர் வானிலையைக் குறை சொன்னார். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? கிளவுஸ் மாட்டிக்கொண்டு, சோறு கொட்டும் தொட்டியைக் கிளறினேன். ஞாயிறு பிரியாணிக்குப் பிழிந்த எலுமிச்சைத் துண்டுகள், கூடை கூடையாக! குழியே புளித்து, வாயு உண்டாக்கும் கிருமிகள் சுருண்டுபோயிருந்தன.

சோற்றை நிறுத்தி, சாணியைக் கரைத்து ஊற்றி, நோயாளியைப் போலத் தேற்றினேன். எலுமிச்சைக்கும் எலும்புக்கும் தனி வாளி வைத்தேன். அதற்குப் பிறகும் ஒரு துண்டைத் தொட்டியில் பார்த்தால் எலுமிச்சையையே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியதும் சமையற்காரர் யாதகிரி அலறினார்: “நக்கோ, வேணாம் மேடம்! நிம்பூ இல்லாத பிரியாணி போட்டா, பசங்க என்னைத்தான் குழிக்குள்ள போடுவாங்க!”

டேப்போடு வந்தவர்

செமஸ்டரின் கடைசி வாரம். பார்க்கிங்குக்கு அளவெடுக்க கான்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு பிரின்சிபால் வந்தார். மெஸ்ஸில் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே, “புது சிலிண்டரா?” என்றார். “குழாயைப் பிடிச்சுக்கிட்டே போங்க சார், எங்க போய் முடியுதுன்னு பாருங்க” என்றேன். கப்பும் கையுமாகப் போனார். திரும்பி வந்து கான்ட்ராக்டரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்: “பக்கத்துல இன்னொரு குழிக்கு அளவெடுங்க. என் காரை நான் ரோட்டுல நிறுத்திக்கிறேன்.”

பூமியின் சூட்டைக் குறைக்க மாநாடெல்லாம் எதற்கு, அடுத்தவர் எச்சிலுக்குள் கூச்சமில்லாமல் கையை விடுகிற ஒரு பொம்பளை போதும்.