பேய் வீட்டுக் கடிதம்

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அதற்காக நான் ஒரு பேய் விளையாட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும். கேரள எல்லையோரத்து எங்கள் பனச்சமூட்டில் பாதிப் பேர் ஒன்றுக்கும் ஆகாது என்று தள்ளிய விளையாட்டு அது.

தொண்ணூறுகளின் கடைசி. என் மாமா, அம்மாவின் தம்பி, பனச்சமூடு சந்திப்பில் டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வளைகுடாவிலிருந்து வந்த யாரோ கெட்டுப்போனதென்று விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டியைச் சரிசெய்து பின்னறையில் வைத்தார். கார்ப் பந்தயம் ஆடி எல்லாருக்கும் சலித்திருந்த நேரத்தில், துபாயிலிருந்து புதிதாக ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தார். ஆளில்லாத பெரிய வீடு. செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள். கையில் நாலைந்து குண்டுகள்தான் இருக்கும்; சுடுவதை விட ஓடித் தப்புவதே ஆட்டம்.

மூன்று வாரம் சந்திப்பில் வேறு பேச்சில்லை. வெள்ளறடைக்கு ஜீப் ஓட்டும் அண்ணன் ஒவ்வொரு நடைக்கும் கடை முன்னால் நிறுத்தி, "சாதனம் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டே போவார். நெய்யாற்றின்கரையில் அதை ஏற்கெனவே ஆடிவிட்டதாக இருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர், "ரெண்டு நாளு எனக்குச் சோறு இறங்கல்ல, அப்படியொரு பேடியாக்கும்" என்றார். மற்றவர், "ஒரு கதவு திறக்கதுக்குள்ள ஒரு உறக்கம் உறங்கி எழும்பலாம். அதெல்லாம் ஒரு களியா?" என்றார். எங்கள் பக்கம் விளையாட்டுக்குக் களி என்றுதான் பேர். ஆடுவதற்கு முன்பே ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது.

எனக்கு வேறொரு பயம். ஏழாம் வகுப்பு முடியப்போகிறது. மேலே படிக்க வேண்டுமானால் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டும். செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பாவுக்கு, என்னை அத்தையோடு முந்திரி ஆலைக்கு அனுப்பலாம் என்று எண்ணம். அதை மாற்ற மாமா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அத்தான், பிள்ள இங்கிலீஷ் வாசிச்சு நீங்க கேட்டிருக்கியளா? இந்தக் களியில இடையிடையே கடுதாசி வரும். அத வாசிச்சாத்தான் வழி தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாருங்க. அவ வாசிச்சா மேல படிக்கட்டு. இல்லேண்ணா உங்க இஷ்டம்."

சனிக்கிழமை விளையாட்டு வந்து சேர்ந்தது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் அப்பா சபைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராகக் கடைக்கு வந்தார். ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார் மாமா. முப்பது பேர் இருக்கும். ஜீப் அண்ணன் ஆடினார். முதல் பிணத்தைச் சுட்டே குண்டெல்லாம் தீர்ந்துவிட்டது. தப்பி ஓடி ஓர் அறைக்குள் நுழைந்ததும், மேசை மேல் ஒரு கடிதம். திரை முழுக்க எழுத்து.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எழுத்து எனக்குத் தெரிந்த ஏ, பி, சி, டிதான். சேர்த்தால் பொருள் வரவில்லை. அங்கிருந்தவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் உண்டு. பொருள் சொல்லத் தெரிந்தவள் நான்தான் என்று பெயர். வகுப்பில் முதலாக வந்ததெல்லாம் பொய் என்று அந்த நொடியில் எனக்கு உறுதியாகிவிட்டது. முந்திரித் தோட்டின் பால் பட்டுக் கறுத்திருக்கும் அத்தையின் விரல்கள் நினைவுக்கு வந்தன. வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வாசிப்பு, சபையில் உபதேசியார் வேதபாடம் வாசிக்கும் அந்த இழுவைதான்.

"இந்த வீட்டுக்குள் பிரவேசிக்கிறவனே, கேள். இங்கே மரித்தவர்கள் உறங்குவதில்லை. தென்புறத்து வாசல் வழியாய்ப் போகிறவன் திறவுகோலைக் கண்டடைவான்."

பெஞ்சு கிரீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றார். சபையில் சுவிசேஷம் வாசிக்கும்போது எழுந்தே பழகிய உடம்பு. அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். பின்னாலிருந்து யாரோ "ஆமேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஜீப் அண்ணன் தென்புறத்துக் கதவைத் திறந்தார். சாவி இல்லை. தோலுரிந்த நாய் ஒன்று பாய்ந்து கடித்துக் குதறியது. அறை அலறியது.

"ஏ மக்கா, சாவிண்ணுதானே வாசிச்சே? இஞ்ச பட்டியாக்கும் நிக்குது!" என்றார் ஜீப் அண்ணன்.

மாமா சட்டென்று குரல் கொடுத்தார். "கடுதாசி எழுதினவன் கள்ளன். அதுக்குப் பிள்ள என்ன செய்யும்? அவ எழுதியிருக்கதத்தான் வாசிப்பா."

அது நியாயமாகவே எல்லாருக்கும் பட்டது. பேய் வீட்டில் உண்மை எழுதிவைப்பார்களா?

ஒரு வாரம் அந்த விளையாட்டைப் பற்றி வாதம் நடந்தது. இதுபோல் ஒன்று வந்ததேயில்லை என்றார்கள் சிலர். குண்டும் கிடையாது வழியும் கிடையாது என்று ஜீப் அண்ணன் பழைய கார்ப் பந்தயத்துக்கே திரும்பினார். அப்பா அன்று வீட்டுக்கு நடக்கும்போதே தன் கருத்தைச் சொல்லிவிட்டார். "களி ஒண்ணுக்கும் கொள்ளாது. வாசிச்சது கொள்ளாம், நல்லா இருந்துது." ஜூனில் என்னை நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப்போய் எட்டாம் வகுப்பில் சேர்த்தார்.

ஏமாற்றிவிட்டேன் என்ற குற்றவுணர்வு என்னை விடவில்லை. என்றாவது ஒருநாள் அந்தக் கடிதத்தை உண்மையாகவே வாசித்துவிட வேண்டும் என்று தினமும் பத்துப் புதிய வார்த்தைகள் மனப்பாடம் செய்தேன். பள்ளி முடியும்வரை அதை நிறுத்தவில்லை.

கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தேன். முதல் பாடத்தைப் பார்த்ததும் அந்தத் திரை கண்முன் வந்தது. அதே வார்த்தைகள். விடுமுறைக்கு வந்ததும் மாமாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் சால்டரிங் செய்வதை நிறுத்தவில்லை. "அது எனக்குத் தெரியுமே. இது இங்கிலீஷ் இல்லேண்ணு முந்தின நாளே பள்ளிக்கூடத்துச் சாரு ஒருத்தரு பார்த்துச் சொல்லிட்டாரு."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொல்லியிருந்தா நீ வாயத் திறந்திருப்பியா?"

அன்று அந்த இருட்டறையில், அப்பா என் முன்னால் எழுந்து நின்றபோது, இத்தனை பேரையும் நான் ஒருத்தி ஏமாற்றுகிறேனே என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்பே ஒருவர் அவர்களை ஏமாற்றிவிட்டு, நான் எதையாவது சொல்லித் தப்பிவிடுவேன் என்ற ஒரே நம்பிக்கையில், என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.